ஓப்பனிங் வசூல் யாருடைய சம்பாத்தியம்? சூப்பர்ஹீரோ இரண்டாம் பாகங்களின் கணக்கு

2023 பிப்ரவரியில் 'ஆண்ட்-மேன்' வரிசையின் மூன்றாவது படம் வெளியானது. அமெரிக்கா, கனடா தியேட்டர்களில் மட்டும் முதல் மூன்று நாளில் 10.6 கோடி டாலர் வசூல். முந்தைய இரண்டு ஆண்ட்-மேன் படங்களும் முதல் வார இறுதியில் இந்தத் தொகையை எட்டியதே இல்லை. திங்கட்கிழமை பார்த்தவர்களுக்குப் படம் ஹிட். அடுத்த வார இறுதியில் வசூல் 3.2 கோடியாகச் சுருங்கியது. ஏறக்குறைய 70 சதவீதச் சரிவு. ஓடி முடித்தபோது அந்த இரண்டு நாடுகளிலும் மொத்தமே 21.4 கோடி டாலர்தான்.

மூன்று மாதம் கழித்து, மே மாதத்தில், அதே மார்வெல் நிறுவனத்திலிருந்து 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' மூன்றாம் பாகம் வந்தது. முதல் மூன்று நாள் 11.8 கோடி. ஆண்ட்-மேனைவிட ஒரு கோடி சொச்சம்தான் அதிகம். ஆனால் இரண்டாவது வார இறுதியில் 6.2 கோடி வந்தது. மொத்தமாக 35.9 கோடியில் போய் நின்றது.

கிட்டத்தட்ட ஒரே இடத்தில் கிளம்பிய இரண்டு படங்கள். முடிந்த இடத்தில் மட்டும் 14 கோடி டாலருக்கு மேல் வித்தியாசம். இந்த வித்தியாசம் எங்கே விழுந்தது என்று புரிந்துகொண்டால், சூப்பர்ஹீரோ படங்களின் இரண்டாம், மூன்றாம் பாகங்கள் பற்றி வரும் வசூல் செய்திகளில் முக்கால்வாசியை நீங்களே படித்துப் பிரித்துவிடலாம்.

ஒரு டிக்கெட் எப்போது விற்கிறது என்று பாருங்கள். படம் வருவதற்கு முன்பே முன்பதிவில் விற்கும் டிக்கெட்டும், முதல் காட்சிக்கு ஓடிப்போய் வாங்கும் டிக்கெட்டும் படத்தைப் பார்க்காமலேயே வாங்கியவை. வாங்குகிறவருக்கு இந்தப் படம் நல்ல படமா, மொக்கையா என்று தெரியாது. அப்படியிருக்க எந்த நம்பிக்கையில் காசைக் கொடுக்கிறார்? டிரெய்லர் ஒரு காரணம், நடிகர் ஒரு காரணம். ஆனால் இரண்டாம் பாகம் என்றால் பெரிய காரணம் முந்தைய படம்தான். அது பிடித்திருந்தது, அதனால் இதற்கும் போகிறார். ஆகவே ஓப்பனிங் வசூல், அதாவது முதல் வார இறுதி வசூல் என்பது, பெரும்பாலும் முந்தைய படம் சம்பாதித்து வைத்துவிட்டுப் போன பணம். இந்தப் படத்தின் சொந்தச் சம்பாத்தியம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பார்த்தவர் வெளியே வந்து ஆபீஸிலும் வாட்ஸ்அப்பிலும் என்ன சொல்கிறாரோ, அதைக் கேட்டு அடுத்தவர் வாங்கும் டிக்கெட் அது.

நம்மூர் விநியோகஸ்தர்கள் இதை ரொம்ப நாளாகவே வேறு வார்த்தைகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 'ஓப்பனிங் ஹீரோவுக்கு, ஓட்டம் கதைக்கு' என்கிற மாதிரியான பேச்சு. சூப்பர்ஹீரோ படங்களில் முகமூடிக்குள் இருக்கும் நடிகர் மாறலாம். அதனால் அங்கே ஓப்பனிங் ஹீரோவுக்கு வருவதைவிட, அந்த வரிசையின் பேருக்கு வருகிறது.

ஹாலிவுட்டில் இந்தச் சொந்தச் சம்பாத்தியத்தை அளக்க ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். மொத்த வசூலை முதல் வார இறுதி வசூலால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆண்ட்-மேன் 3 தன் ஓப்பனிங்கைப் போல 2 மடங்குதான் வசூலித்தது. கார்டியன்ஸ் 3 வசூலித்தது 3 மடங்கு. பொதுவாகப் பெரிய சூப்பர்ஹீரோ படம் ஒன்று இரண்டரை மடங்கைத் தொட்டால் பரவாயில்லை ரகம். 3 மடங்கு என்றால் ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். 2 மடங்கு என்றால் ரசிகர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், வீட்டுக்குப் போய் யாரையும் அனுப்பவில்லை.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஓப்பனிங் மிகப் பெரிதாகப் போனால் மடங்கு தானாகக் குறையும். 2019-இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' முதல் மூன்று நாளில் 35.7 கோடி டாலர் வசூலித்தது. மொத்தம் 85.8 கோடி. மடங்கு 2.4தான். அதற்காக அந்தப் படம் ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் சிரிப்பார்கள். கதையை யாராவது போட்டு உடைத்துவிடுவார்களோ என்ற பயத்திலேயே எல்லோரும் முதல் மூன்று நாளில் அடித்துப் பிடித்துப் போய்விட்டார்கள். மூன்றாவது வாரத்துக்குப் புதிதாக வர ஆளே மிச்சமில்லை. எனவே மடங்கை மட்டும் வைத்து முடிவுகட்டாமல், பார்த்தவர் மனநிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதை அளக்கும் வேலையை சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் 1970-களின் கடைசியிலிருந்து செய்து வருகிறது. முதல் நாள் படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் ஒரு சிறிய அட்டையைக் கொடுத்து மார்க் போடச் சொல்வார்கள். ஏ பிளஸ்ஸில் தொடங்கி எஃப் வரை. பள்ளிக்கூடத்தில் 'பி' வாங்கினால் வீட்டில் திட்ட மாட்டார்கள். இங்கே கதை வேறு. முதல் நாள் வருகிறவர் ஏற்கெனவே ரசிகர், ஆசையோடு வந்தவர், மார்க்கைத் தாராளமாக அள்ளிப் போடும் மனநிலையில் இருப்பவர். அவரே 'பி' போடுகிறார் என்றால் படம் சறுக்கப் போகிறது என்று அர்த்தம். ஆண்ட்-மேன் 3 வாங்கியது பி. கார்டியன்ஸ் 3 வாங்கியது ஏ. எண்ட்கேம் வாங்கியது ஏ பிளஸ். திங்கட்கிழமைச் செய்தியில் வசூலைப் பார்த்துத் துள்ளிக் குதிப்பதற்கு முன், வெள்ளிக்கிழமை இரவே வந்துவிடும் இந்த எழுத்தைப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

சரி, பிடிக்காமல் போன படத்துக்கு என்ன தண்டனை? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. தண்டனையில் ஒரு பகுதிதான் அந்தப் படத்துக்கு. மீதி அடுத்து வரும் படத்தின் தலையில் விழும். இதற்கு பேட்மேன் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1989-இல் டிம் பர்ட்டன் எடுத்த 'பேட்மேன்' வட அமெரிக்காவில் 25.1 கோடி டாலர் வசூலித்தது. அந்தக் காலத்துக்கு அது மலைக்க வைக்கும் தொகை. 1992-இல் அவரே எடுத்த இரண்டாம் பாகத்தின் முதல் வார இறுதி வசூல் 4.57 கோடி. அதுவரை எந்தப் படமும் அப்படி ஆரம்பித்ததில்லை. ஆனால் மொத்த வசூல் 16.3 கோடியில் நின்றுவிட்டது, முதல் படத்தைவிட கிட்டத்தட்ட 9 கோடி குறைவு. படம் இருட்டாக, கொடூரமாக இருந்தது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போன பெற்றோர் புகார் செய்தார்கள். துரித உணவுக் கடைகளில் குழந்தைகள் சாப்பாட்டோடு அந்தப் படத்தின் பொம்மையைக் கொடுத்தது இன்னொரு சர்ச்சையாக வெடித்தது. என்னைக் கேட்டால் 1989 முதல் 1997 வரை வந்த நான்கு பேட்மேன் படங்களில் அதுதான் அழகான படம். ஆனால் கல்லாவுக்கு என் ரசனை முக்கியமில்லையே.

ஸ்டுடியோ பயந்துபோய் இயக்குநரை மாற்றியது. ஜோயல் ஷூமாக்கர் வந்தார், படம் வண்ணமயமானது, 1995-இல் வந்த மூன்றாம் பாகம் 18.4 கோடி வசூலித்து ஓரளவு தேறியது. அந்தத் தைரியத்தில் 1997-இல் 'பேட்மேன் அண்ட் ராபின்' வந்தது. பொம்மையாக விற்பதற்கு ஏற்ற மாதிரியே வண்டிகளும் உடைகளும் செய்யப்பட்ட படம் அது. ஒரு ஏலக் காட்சியில் பேட்மேன் தன் பெயர் போட்ட கிரெடிட் கார்டை எடுத்து கேமரா முன்னால் நீட்டுவார். குகையை விட்டு வரும்போது மறக்காமல் எடுத்துவருவாராம். இப்போது யூடியூபில் பார்த்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்குக் காசு கொடுத்துப் பார்த்தவருக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் வார இறுதியில் 4.29 கோடி, அடுத்த வாரம் 63 சதவீதம் சரிவு, மொத்தம் 10.7 கோடி. திட்டத்தில் இருந்த அடுத்த பாகம் கைவிடப்பட்டது. எட்டு ஆண்டுகள் தியேட்டரில் பேட்மேன் தலைகாட்டவில்லை.

2005-இல் கிறிஸ்டோபர் நோலன் புதிதாக ஆரம்பித்தார். முதல் வார இறுதி வசூல் 4.87 கோடி. பத்து ஆண்டுகளுக்கு முன்பு ஷூமாக்கரின் முதல் பேட்மேன் 5.28 கோடியில் திறந்தது. டிக்கெட் விலை அதற்குள் எவ்வளவோ ஏறிவிட்டிருந்தும், நோலனுக்கு அதைவிடக் குறைவாகவே வந்தது. நோலன் படத்தில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த ஓப்பனிங், கிரெடிட் கார்டு காட்சிக்கு ஜனங்கள் விதித்த அபராதம். இவர் வந்து கட்டினார். ஆனால் படம் விழவில்லை. மெதுவாக, வாரம் வாரமாக, நின்று ஓடி 20.5 கோடி வரை போனது. புதன்கிழமையே வெளியான படம் என்பதால் மடங்குக் கணக்கு கொஞ்சம் கூடத் தெரியும், அதைக் கழித்தாலும் நல்ல ஓட்டம்தான். அதற்குப் பிறகு டிவிடியிலும் டிவியிலும் பார்த்தவர்கள் எத்தனையோ பேர்.

அந்தப் படத்தின் கடைசிக் காட்சியை நினைவுபடுத்திப் பாருங்கள். கட்டட உச்சியில் போலீஸ் அதிகாரி கோர்டன் ஒரு தடயத்தை பேட்மேனிடம் கொடுப்பார். பேட்மேன் அதைத் திருப்பிப் பார்ப்பார். ஒரு ஜோக்கர் சீட்டு. படம் அங்கே முடிகிறது. எதிர்பார்ப்பு என்று நாம் பொதுவாகச் சொல்கிறோமே, அது எப்படி விதைக்கப்படுகிறது என்பதற்கு அந்தச் சீட்டுதான் பாடம். மூன்று ஆண்டுகள் ரசிகர்கள் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருந்தார்கள். ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர் 2008 ஜனவரியில் இறந்துபோனார். ஜூலையில் 'தி டார்க் நைட்' வந்தது. முதல் வார இறுதி 15.8 கோடி டாலர். முந்தைய பாகத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல்! மூன்று ஆண்டில் டிக்கெட் விலை அப்படி ஏறவில்லை. 2005-இல் கட்டிய அபராதமும், அதற்குப் பிறகு சேர்த்த நல்ல பேரும் சேர்ந்து 2008-இல் கைக்கு வந்தன. அப்புறம் அந்தப் படம் தன் சொந்தப் பேரையும் சம்பாதித்துக்கொண்டு வட அமெரிக்காவில் 53 கோடி, உலகம் முழுக்க 100 கோடி டாலர் வரை போனது.

இதே மாதிரி ஒரு அனிமேஷன் படத்துக்கும் நடந்தது. 2018 டிசம்பரில் வந்த ஸ்பைடர்-வெர்ஸ் முதல் படம் வெறும் 3.5 கோடியில் ஆரம்பித்து, வாய்வழிப் பேச்சிலேயே ஐந்து மடங்குக்கு மேல் ஏறியது. ஆஸ்கரும் வாங்கியது. 2023-இல் இரண்டாம் பாகம் 12 கோடியில் திறந்தது. தியேட்டரில் தவறவிட்டு வீட்டில் பார்த்துக் கொண்டாடியவர்கள் எல்லாம் இரண்டாம் பாகத்துக்கு முதல் நாளே வந்துவிட்டார்கள்.

முந்தைய படம் என்றால் அதே வரிசையின் முந்தைய பாகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மார்வெல் இதை வைத்தே ஒரு சாம்ராஜ்யம் கட்டியது. கேப்டன் அமெரிக்காவின் முதல் படம் 2011-இல் உலக அளவில் 37 கோடி டாலர் வசூலித்தது. சுமார் ரகம். 2014-இல் வந்த இரண்டாம் பாகம் 71 கோடி. நடுவில் என்ன நடந்தது? 2012-இல் எல்லா ஹீரோக்களும் சேர்ந்த 'தி அவெஞ்சர்ஸ்' 152 கோடி டாலர் வசூலித்தது. அதைப் பார்க்கப் போனவர்கள் கேப்டனோடும் பழகிக்கொண்டார்கள். அயர்ன் மேன் வரிசையிலும் அப்படியே. இரண்டாம் பாகம் 62 கோடி, அவெஞ்சர்ஸுக்குப் பிறகு வந்த மூன்றாம் பாகம் 121 கோடி. ஒரு கடையில் போட்டு வைத்த பணத்தை இன்னொரு கடையில் எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கடையின் கடனை இன்னொரு கடையில் வசூல் செய்யவும் அதே ஏற்பாடு வழிவிடும்.

அப்படி வசூல் செய்த இடம், 'கேப்டன் மார்வெல்' படத்தின் இரண்டாம் பாகமான 'தி மார்வெல்ஸ்'. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இதைப் பற்றி இணையத்தில் கத்தியவர்கள் அதிகம், கணக்குப் பார்த்தவர்கள் குறைவு.

2018 ஏப்ரலில் வந்த 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' முடிவில் வில்லன் விரலைச் சொடுக்குகிறான், உலகத்தில் பாதி உயிர்கள் தூசியாகிவிடுகின்றன. பெயர்ப் பட்டியல் எல்லாம் ஓடி முடிந்த பிறகு ஒரு துண்டுக் காட்சி. உளவு அதிகாரி நிக் ஃபியூரி தானும் தூசியாகிக்கொண்டே பழைய பேஜர் ஒன்றைத் தட்டுகிறார். அவர் மறைந்த பிறகு தரையில் கிடக்கும் அந்தப் பேஜரில் சிவப்பு, நீலத்தில் ஒரு நட்சத்திரச் சின்னம் தெரிகிறது. கேப்டன் மார்வெலின் சின்னம். 2019 மார்ச்சில் 'கேப்டன் மார்வெல்' வந்தது. அந்தக் கதையின் தொடர்ச்சியான எண்ட்கேமுக்கு ஏழு வாரம்தான் இருந்தது. செத்தவர்கள் எப்படித் திரும்பி வருவார்கள் என்ற கேள்விக்கு விடை அந்தப் பெண்ணிடம் இருக்குமோ என்று உலகமே தியேட்டருக்குப் போனது. ஓப்பனிங் 15.3 கோடி, உலக வசூல் 113 கோடி டாலர்.

இந்த 113 கோடியில் எவ்வளவு அந்தக் கதாபாத்திரத்தின் மீதான பாசம், எவ்வளவு அந்தப் பேஜர் கிளப்பிய ஆவல்? அதைப் பிரித்துப் பார்க்காமல் ஸ்டுடியோ இரண்டாம் பாகத்துக்கு 20 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. 2023 நவம்பரில் படம் வந்தபோது எண்ட்கேம் முடிந்து நான்கு ஆண்டு ஆகிவிட்டிருந்தது. பேஜரின் கேள்விக்கு எப்போதோ விடை கிடைத்துவிட்டது. படத்தில் இருந்த மூன்று நாயகிகளில் இருவரைச் சரியாகத் தெரிந்துகொள்ள இரண்டு வெப் சீரிஸ்களைப் பார்த்திருக்க வேண்டும். படத்துக்குப் போவதற்கு முன் வீட்டுப்பாடம் செய்துவிட்டு வா என்றால் யார் செய்வார்கள்? பள்ளிக்கூடத்திலேயே செய்யவில்லை. அதோடு நடிகர்களின் வேலைநிறுத்தம் படம் வெளியாவதற்கு முந்தைய நாள்தான் முடிந்தது. அதுவரை யாரும் பேட்டி கொடுக்கவில்லை. போதாக்குறைக்கு அதே ஆண்டில் ஆண்ட்-மேன் 3 விட்டுப்போன கசப்பு. எல்லாம் சேர்ந்து ஓப்பனிங் 4.6 கோடி. மார்வெல் ஸ்டுடியோஸ் படங்களிலேயே அதுவரை இல்லாத குறைவு. இரண்டாவது வார இறுதியில் 78 சதவீதம் சரிந்தது. உலக அளவில் மொத்தம் 20.6 கோடி.

பெண்கள் நடித்ததால் ஓடவில்லை என்று ஒரு கூட்டம் குதித்தது. 2019-இல் ஓடியபோதும் அதே பெண்தானே நடித்தார்? எனக்கு அந்த வாதம் ஒட்டவில்லை.

எதிர்பார்ப்பு என்ற சொல்லுக்கே இங்கே கொஞ்சம் விளக்கம் தேவை. ஆர்வம் வேறு, எதிர்பார்ப்பு வேறு. ஆர்வம் என்பது 'என்னதான் இருக்கிறது பார்ப்போம்' என்ற மனநிலை. எதிர்பார்ப்பு என்பது 'இது இருக்க வேண்டும்' என்று மனதில் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு வருவது. முதல் படத்துக்கு வருகிறவரிடம் ஆர்வம்தான் இருக்கும், அவரைத் திருப்திப்படுத்துவது ஒப்பீட்டளவில் சுலபம். இரண்டாம் பாகத்துக்கு வருகிறவர் கையில் பட்டியல் இருக்கும். அதில் போன தடவை பிடித்தது எல்லாம் வேண்டும், ஆனால் போன தடவை பார்த்ததே திரும்பவும் வரக்கூடாது. அம்மா கைக்குழம்பு மாதிரியும் இருக்க வேண்டும், புதுசாகவும் இருக்க வேண்டும் என்று ஹோட்டலில் கேட்கிற வாடிக்கையாளர் போலத்தான்.

இந்தப் பட்டியலைக் கிழித்துப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024 அக்டோபரில் வந்த 'ஜோக்கர்' இரண்டாம் பாகம். முதல் படம் 2019-இல் சிறிய பட்ஜெட்டில் எடுக்கப்பட்டு 107 கோடி டாலர் வசூலித்தது. ஹாக்கின் பீனிக்ஸுக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது. இரண்டாம் பாகத்தின் செலவு ஏறக்குறைய 20 கோடி டாலர். சிறையும் கோர்ட்டும், நடுவில் லேடி காகாவோடு பாட்டுகள். கடைசியில் நாயகனே கோர்ட்டில் நின்று ஜோக்கர் என்று ஒருவன் இல்லவே இல்லை என்கிறான். கலை என்று பார்த்தால் துணிச்சலான காரியம். ஆனால் டிக்கெட் வாங்கியவர் ஜோக்கரைப் பார்க்க வந்தவர். சினிமாஸ்கோர் மார்க் டி. காமிக்ஸ் படம் ஒன்று டி வாங்கியது அதுவே முதல்முறை. முதல் பாகத்தின் ஓப்பனிங் 9.6 கோடி, இதற்கு 3.77 கோடி. இரண்டாவது வாரம் 80 சதவீதத்துக்கும் மேல் காலி.

இங்கே ஒரு நிமிடம். ஓப்பனிங் முந்தைய படத்தின் சம்பாத்தியம் என்றால், 107 கோடி வசூலித்த படத்தின் இரண்டாம் பாகம் ஏன் 3.77 கோடியில் திறந்தது? நியாயமான கேள்வி. படம் ஒரு மாதம் முன்பே வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டுவிட்டது. பாட்டுப் படம் என்ற செய்தி அதற்கும் முன்பே பரவிவிட்டது. வாய்வழிப் பேச்சு படத்துக்கு முன்னாலேயே ஊருக்குள் வந்துவிட்டது. இணைய காலத்தில் 'பார்க்காமல் வாங்கும் டிக்கெட்' என்பது முன்புபோல அவ்வளவு குருட்டு டிக்கெட்டும் இல்லை.

பட்டியலில் இருந்ததை அப்படியே கொடுத்தால்? 2021 டிசம்பரில் வந்த 'ஸ்பைடர்-மேன்: நோ வே ஹோம்' கொடுத்தது. பழைய ஸ்பைடர்மேன்கள் டோபி மக்வயரும் ஆண்ட்ரூ கார்ஃபீல்டும் வருவார்கள் என்று ரசிகர்கள் ஆண்டு முழுக்க அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டிரெய்லர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. கார்ஃபீல்டு பேட்டிகளில் சத்தியம் செய்யாத குறையாக மறுத்தார். படத்தில் ஹீரோவின் நண்பன் நெட்டின் பாட்டி வீட்டில் ஒரு மந்திர வட்டம் திறந்து கார்ஃபீல்டு உள்ளே வருவார். நான் பார்த்த தியேட்டரில் அதற்கப்புறம் ஐந்து நிமிட வசனம் யாருக்கும் கேட்கவில்லை. பாட்டி அவரைக் கூரையில் இருக்கும் ஒட்டடையை எடுக்கச் சொல்வதை நான் இரண்டாவது தடவை பார்க்கும்போதுதான் கவனித்தேன். 'இரண்டாவது தடவை' என்ற சொல்லைக் கவனியுங்கள், வசூலில் அதற்குத் தனி மதிப்பு. முதல் வார இறுதியில் 26 கோடி, சீனாவில் வெளியாகாமலேயே உலக அளவில் 190 கோடி டாலர். வேடிக்கை என்னவென்றால், கார்ஃபீல்டின் சொந்த ஸ்பைடர்மேன் வரிசை இரண்டாம் பாகத்தோடு நிறுத்தப்பட்டது. அதுவரை வந்த ஸ்பைடர்மேன் படங்களில் குறைவாக வசூலித்தது அந்தப் படம்தான் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ரசிகர்களின் சத்தத்தையும் கூட்டத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2016-இல் பேட்மேனும் சூப்பர்மேனும் மோதிய படம் 16.6 கோடியில் திறந்து, 33 கோடியில் முடிந்தது. இரண்டு மடங்கு, மார்க் பி. அதன் பில் அடுத்த ஆண்டு வந்தது. எல்லா ஹீரோக்களும் சேர்ந்து வந்த 'ஜஸ்டிஸ் லீக்' 9.4 கோடியில்தான் திறந்தது. ஆறு பேர் சேர்ந்து வந்தும் இரண்டு பேருக்கு வந்த கூட்டம் வரவில்லை. அதன் பிறகு இயக்குநர் ஜாக் ஸ்னைடரின் பதிப்பை வெளியிடச் சொல்லி ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் இணையத்தை அதிரவைத்தார்கள். 2021-இல் ஓடிடியில் அதை வாங்கியும் விட்டார்கள். அந்தச் சத்தம் அத்தனையும் உண்மை. ஆனால் இரண்டாவது சனிக்கிழமை மதியக் காட்சியை நிரப்புவது ஹாஷ்டேக் போடுகிறவர் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எந்தப் படத்துக்குப் போகலாம் என்று யோசிக்கிற குடும்பம்.

சத்தம் எங்கிருந்தெல்லாம் வரும் என்பதற்கு நம்மூரிலேயே ஒரு கதை உண்டு. எண்ட்கேமின் தமிழ்ப் பதிப்பில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். வசனம் ஏ.ஆர். முருகதாஸ். விளம்பரத்துக்கு நல்ல யோசனைதான். ஆனால் முந்தைய படங்களைத் தமிழில் பார்த்து வளர்ந்த ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். அவர்களுக்கு அயர்ன் மேனான டோனி ஸ்டார்க் என்றால் காதில் பதிந்துபோன அந்தப் பழைய குரல்தான். பட்டியலில் குரலும் இருக்கும் என்பதை யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது. ஆனாலும் படம் இந்தியாவில் முதல் நாளே 50 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது. இருபதுக்கு மேற்பட்ட படங்கள் சேர்த்துவைத்த ஆவலை ஒரு குரலால் தடுக்க முடியாது.

இனி லாபக் கணக்கு, சுருக்கமாக. செய்தியில் வருவது 'கிராஸ்', அதாவது டிக்கெட் விற்ற மொத்தப் பணம். ஸ்டுடியோவுக்குப் போவது 'ஷேர்'. அமெரிக்காவில் தோராயமாகப் பாதி, வெளிநாடுகளில் இன்னும் குறைவு, சீனாவில் கால்வாசிதான். விளம்பரச் செலவு பட்ஜெட்டில் சேராது, தனி. அதனால் தியேட்டர் வசூலிலேயே கையைக் கடிக்காமல் தப்பிக்க பட்ஜெட்டைப்போல இரண்டரை மடங்கு வர வேண்டும் என்று ஒரு உத்தேசக் கணக்கு சொல்வார்கள். ஆண்ட்-மேன் 3-க்கு வெளியே சொல்லப்பட்ட பட்ஜெட் 20 கோடி டாலர், உலக வசூல் 47.6 கோடி. கோடிக்கணக்கில் வசூல் என்று தலைப்பு போட்டாலும் கணக்குப்படி ஒட்டவில்லை. இரண்டாம் பாகங்களுக்கு இதில் கூடுதல் தலைவலி: நடிகர் சம்பளம் ஏறியிருக்கும், கிராஃபிக்ஸ் போன தடவையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். முதல் படம் சம்பாதித்த அதே தொகையைச் சம்பாதித்தாலும் லாபம் குறையும்.

ஜனங்களுக்கு சூப்பர்ஹீரோ படமே சலித்துவிட்டது என்று 2023 முழுக்க எழுதினார்கள். 2024 ஜூலையில் டெட்பூலும் வுல்வரினும் சேர்ந்து வந்த படம் 21 கோடியில் திறந்து, உலக அளவில் 133 கோடி டாலர் வசூலித்தது. சலிப்பு இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் பேர் தெரியாத ஹீரோவுக்கும் கூட்டம் வந்தது, இப்போது வருவதில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் சலிப்பையே காரணம் சொல்லிவிட்டால், எந்தப் படம் சேர்த்தது, எந்தப் படம் கரைத்தது என்ற கணக்கு மறைந்துபோகும்.

2025-இன் இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிப்ரவரியில் கேப்டன் அமெரிக்காவின் நான்காவது படம் 8.9 கோடியில் திறந்தது. மார்க் பி மைனஸ், மார்வெல் ஸ்டுடியோஸ் அதுவரை வாங்கியதிலேயே மோசம். மே மாதம் 'தண்டர்போல்ட்ஸ்' வந்தது. விமர்சகர்கள் பாராட்டினார்கள், பார்த்தவர்கள் ஏ மைனஸ் போட்டார்கள். ஆனாலும் திறந்தது 7.4 கோடியில்தான். நல்ல படத்துக்குக் குறைந்த கூட்டம், மோசமான படத்துக்கு அதைவிட அதிகக் கூட்டம். தண்டர்போல்ட்ஸ் உலக அளவில் 38 கோடியோடு நின்றுபோனது. அது சேர்த்துவைத்த நல்ல பேர் எதுவோ, அதை எடுத்துக்கொள்ளப்போவது அந்தக் கதாபாத்திரங்கள் தலைகாட்டும் அடுத்த படம்.